இரண்டு சொட்டில் வந்த பச்சை

துப்புரவு வேலை செய்யும் மரகதம் கிணற்றடியில் பினாயில் வாளியைக் கழுவியதை, மயிலாப்பூர் குடியிருப்பின் செயலாளர் பத்ரிநாராயணன் பார்த்துவிட்டார். பினாயில் கிணற்றில் கலந்திருந்தால் அவளை வேலையை விட்டு நிறுத்திவிடுவது என்று முடிவாயிற்று. தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு அவர் அடையாறு பரிசோதனைக் கூடத்துக்குப் போனார். மரகதமும் விடாமல் கூடவே போனாள்.

அங்கே வேலை பார்க்கும் ஸஹானா, பினாயில் கலந்திருந்தால் நிறம் காட்டும் மஞ்சள் திரவத்தை அந்தத் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டாள். தண்ணீர் கரும்பச்சையாக மாறியது.

“பாத்தேளா, பினாயில்தான்!” என்றார் பத்ரி.

“இல்ல மாமா, பினாயில்னா ஊதா வரும்.” ஸஹானா பாட்டிலை முகர்ந்து பார்த்தாள். “இதுல முன்னாடி என்ன வெச்சிருந்தீங்க?”

“ஆத்துல டிகாக்ஷன் வெச்சிண்டிருந்தோம். ஒரு தடவை அலம்பினேனே!”

“காப்பி பினாயிலுக்குத் தூரத்துச் சொந்தம் மாமா. ரெண்டுலயும் பீனால் வகை இருக்கு.”

“இன்னா சாமி, உன் காப்பியால என் வேலை போவ இருந்துச்சே! கற்பகாம்பா காப்பாத்திட்டா” என்று சிரித்த மரகதத்தின் கண் கலங்கியிருந்தது. பிறகு அவளே பாட்டிலை வாங்கி, சோப்புப் போட்டு மூன்று முறை கழுவிக் கொடுத்தாள்.

மாலையில் அதே பாட்டிலில் வந்த கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறவே இல்லை.

மறுநாள் காலை, முதல் டிகாக்ஷனில் கலந்த காப்பியை பத்ரியே மரகதத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.

“சக்கரை கம்மியா கீது சாமி” என்றாள் அவள்.

அவர் ஓடிப்போய் டப்பாவையே எடுத்து வந்தார்.