ஆதரிக்க ஓர் ஆள்

கோர்பிவாரா ஊர் மன்றத்தில் ஒரு விஷயத்தைத் தோற்கடிக்க யாரும் எதிர்த்துப் பேச வேண்டியதில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். ஓர் உறுப்பினர் எதிர் யோசனை கொண்டுவந்தால், இன்னொருவர் "ஆதரிக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்ல ஆளில்லையென்றால் வாக்கெடுப்பே கிடையாது. தலைவர் சுத்தியலைத் தட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார். ஃபின்லாந்து முழுக்க இதுதான் முறை. ரைலி துர்பெய்னனுக்கும் இது தெரியும். தெரிந்துதான் கெட்டாள்.

ரைலி பால்பண்ணை வைத்திருப்பவள், மன்றத்துக்குப் புதியவள். அவள் தேர்தலில் நின்றதே மகள் சைமிக்காகத்தான். சைமிக்குப் பதினாறு வயது, மேல்நிலையில் முதல் வருடம். மாட்டு வைத்தியம் படித்துவிட்டு இந்தப் பண்ணைக்கே திரும்பி வருவேன் என்று சொல்கிற பெண். ஆனால் ஊரின் மேல்நிலைப் பள்ளியை மூடப்போகிறார்கள். மூடினால் அடுத்த ஆகஸ்டில் அவள் யோயென்சூ நகரத்தில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, தானே பொங்கித் தின்று, தனியாகப் படிக்க வேண்டும். பக்கத்து ஊரில் பள்ளியை மூடியபோது பிள்ளைகள் இப்படித்தான் போனார்கள். முதலில் வாராவாரம் வந்தார்கள். பிறகு கிறிஸ்துமஸுக்கு வந்தார்கள். இப்போது பிள்ளை எங்கே இருக்கிறது என்று பெற்றவர்களிடம் கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

இலையுதிர் காலம் முழுக்க ரைலி உறுப்பினர்களின் வீடு வீடாக ஏறி இறங்கினாள். பள்ளியை இன்னும் இரண்டு வருடம் நடத்த வேண்டும், அதுதான் அவள் யோசனை. சைமி படித்து முடிக்க அது போதும். சுயநலம்தான், அவள் மறைக்கவில்லை. எந்தத் தாய் ஊருக்காக மட்டும் அலைந்திருக்கிறாள்? போன இடமெல்லாம் காபி கிடைத்தது, தலையாட்டல் கிடைத்தது. கடைசியில் கூட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரு தலை கூடுதலாகவே இருந்தது.

ஆதரிக்கிறேன் என்று சொல்ல மட்டும் ஓர் ஆள் பாக்கி. அதற்கு அவள் கலேர்வோ ஏரொனெனிடம் போனாள். அண்டை வீட்டுக்காரர், மன்றத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர், குளிர்காலத்தில் அவள் வீட்டு வழியில் கிடக்கும் பனியைக் கேட்காமலே தள்ளிவிட்டுப் போகிறவர். கொட்டகையில் டிராக்டருக்கு அடியில் கிடந்தார். அவள் கேட்டாள். அவர் ஒரு நட்டை முறுக்கினார். எழுந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டு பிளாஸ்கிலிருந்து அவளுக்குக் காபி ஊற்றினார். ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வட்டாரத்தில் பேசாமல் இருந்தால் சரி என்று பொருள். நிலத்தை விற்பதும் வாங்குவதும் அங்கே அப்படித்தான். ரைலியின் கல்யாணமும் அப்படித்தான் முடிந்தது. ரெயோ கேட்டான், அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அவன் போய்ப் பாதிரியாரிடம் சொல்லிவிட்டான். மறுப்பதாக இருந்தால்தானே வாயைத் திறக்க வேண்டும்? ஆகவே அவள் காபியைக் குடித்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பினாள்.

நவம்பரில் பட்ஜெட் கூட்டம் வந்தது. கூட்டத்துக்கு முன்னால் கரேலியப் பணியாரமும் முட்டை வெண்ணெயும் வைத்திருந்தார்கள். சாப்பாட்டில் மட்டும் கோர்பிவாரா சிக்கனம் பார்த்ததில்லை.

நிர்வாகி யெஸ்ஸே முதலில் பேசினார். தெற்கே இருந்து வந்த இளைஞர், நல்ல மனிதர், கெட்ட செய்தி சொல்வதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர். ஊருக்குக் கிழக்கே அண்டை நாட்டு எல்லையை மூடியதிலிருந்து அங்கிருந்து வண்டிகள் வருவதில்லை, கடைகள் படுத்துவிட்டன, வரி வருமானம் தேய்கிறது என்றார். போர் வந்தால் மக்கள் பதுங்குவதற்கான பாதாளக் காப்பறையைச் செப்பனிட்டே ஆக வேண்டும், அது சட்டம். பள்ளி நடத்துவது கட்டாயமில்லை. பிள்ளைகள் நகரத்தில் இன்னும் தரமாகப் படிக்கலாமே என்று முடித்தார்.

பிறகு வாதம் தொடங்கியது. அடேயப்பா, ஒரு நாட்டையே அந்த அறைக்குள் கட்டி மேய்த்தார்கள். ஒருவர் பீரங்கிக்கு எவ்வளவு, படிப்புக்கு எவ்வளவு என்று தலைநகரத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். இன்னொருவர் மரம் வெட்டி விற்ற காலம் போய்விட்டது, இனி விஞ்ஞானம்தான் சோறு போடும் என்றார். ஊர்ப் பள்ளியில் பௌதிகம் நடத்த வாத்தியார் இல்லாதது அவருக்கு நினைவில்லை. முன்பு மருந்துக்கடை வைத்திருந்த மார்கித் அம்மையார், எல்லையோரம் மக்கள் குடியிருப்பதே நாட்டுக்குக் காவல் என்று அமைச்சரே தொலைக்காட்சியில் சொன்னதை எடுத்துக் காட்டினார். எல்லாரும் தலையாட்டினார்கள். குடியிருக்க வேண்டுமாம், ஆனால் பிள்ளைகளை அனுப்பிவிட வேண்டுமாம். கூரையைப் பிரித்துவிட்டு நனையாமல் இரு என்கிற புத்திமதி இது. அவர்கள் பேச்சில் குறை சொல்ல முடியாது, ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிடவே இல்லை.

ரைலி எழுந்தாள். இரண்டு வருடம், அதற்கான பணத்தைச் சாலைச் செலவிலிருந்து எடுக்கலாம் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றி அவையைப் பார்த்தார். "ரைலியோட யோசனைக்கு ஆதரவு இருக்கா?"

ரைலி திரும்பிக் கலேர்வோவைப் பார்த்தாள். அவர் மார்கித்தைப் பார்த்தார். மார்கித் தன் காபிக் கோப்பையைப் பார்த்தார். ஒவ்வொருவரும் இன்னொருவருக்கு வழிவிட்டுக் காத்திருந்தார்கள், கதவருகே நின்று நீங்க முதலில் போங்க என்று சொல்கிற மாதிரி. பூனைக்கு மணி கட்ட அத்தனை பேர் தயார், முதல் ஆளாகத்தான் ஒருவரும் தயாரில்லை. எல்லார் வாயிலும் கொழுக்கட்டை. தலைவர் அவசரப்படவில்லை, பாவம், அவரும் காத்துப் பார்த்தார். ரைலிக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் தன் யோசனையைத் தானே ஆதரிக்க முடியாது.

"ஆதரவு இல்லை. யோசனை விழுந்தது." சுத்தியல் தட்டியது. நிர்வாகியின் திட்டத்துக்கு ஆட்சேபம் உண்டா என்று அடுத்துக் கேட்டார். அதற்கும் அதே அமைதி. இந்தத் தடவை அதற்குச் சம்மதம் என்று பெயர். மறுபடி சுத்தியல்.

கோட்டு மாட்டும் இடத்தில் ஒவ்வொருவராக வந்து அவளிடம் துக்கம் விசாரித்தார்கள். வாக்கெடுப்பு வந்திருந்தால் உனக்குத்தான் போட்டிருப்பேன் என்றார்கள். பொய்யில்லை, நிஜமாகவே போட்டிருப்பார்கள். எரிச்சலே அதுதான். யெஸ்ஸேகூட வந்து, அவள் ஜெயித்துவிடுவாள் என்றே நினைத்திருந்ததாகவும், பள்ளியை வைத்தே ஒரு மாற்றுக் கணக்கைத் தயாராக வைத்திருந்ததாகவும் மெல்லச் சொன்னார். எதிராளி நம்பிய அளவுக்கு அவளை அவள் பக்கத்து ஆட்கள் நம்பவில்லை.

கலேர்வோ கடைசியாக வந்தார், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு.

"மார்கித் சொல்லிருவாங்கன்னு இருந்தேன், ரைலி."

"நான் உங்களைத்தானே கேட்டேன்?"

"கேட்டே. நான் சொல்றேன்னு சொன்னேனா?" அவர் குரலில் கோபமில்லை, வருத்தம்தான் இருந்தது. "எல்லாத்துக்கும் முந்திக்கிறவன்னு இந்த வயசுல எனக்கு ஒரு பேரு வேணுமா?"

அந்த மனிதரை அடிக்கலாம் போலிருந்தது. அடுத்த பனி விழுந்தால் அவர்தானே வந்து தள்ளிவிட வேண்டும் என்ற எண்ணமும் கூடவே வந்தது. அதற்காகத் தன்மீதே அவளுக்கு அருவருப்பு ஏற்பட்டது.

வீட்டில் சைமி சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தை மன்றம் இணையத்தில் காட்டும், முழுக்கப் பார்த்திருக்கிறாள். அம்மாவுக்குச் சூப்பைச் சூடாக்கி வைத்திருந்தாள். ரைலி உட்கார்ந்து கரண்டியை எடுத்தாள், சாப்பிடவில்லை. வாராவாரம் நானே காரில் வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன், நல்ல அறையாகப் பார்க்கலாம், நாள் ஓடியே போய்விடும் என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டே போனாள். மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"அம்மா, தனியா இருக்கிறதுக்கு எனக்குப் பயமில்ல," என்றாள் சைமி. "படிச்சிட்டுத் திரும்பி வருவேன்னு சொல்லிட்டிருந்தேன்ல? அதுதான் இப்ப முடியாதுன்னு தோணுது. நீ எந்திரிச்சு நின்னப்ப எல்லாரும் குனிஞ்சிட்டு உக்காந்திருந்தாங்க. அவங்க மாட்டுக்கு ராத்திரி நேரத்துல பிரசவம் பார்க்கவா நான் வரணும்?"

அவர்கள் நல்லவர்கள்தான் என்று சொல்ல ரைலி வாயெடுத்தாள். ஊர், பண்ணை, எல்லை, தொலைக்காட்சியில் அமைச்சர் சொன்னது என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். மகளைத் திரும்பக் கூப்பிட ஒரே ஒரு காரணம் கிடைத்தால் போதும் என்று தேடினாள். இந்த இரண்டு வருடத்துக்காகத்தானே இத்தனை வீட்டுக் காபியையும் குடித்தாள். பெண் மொத்தமாகவே போகிறாள்.

கரண்டியைக் கீழே வைத்தாள். "வராதே," என்றாள்.

சைமி எழுந்து வந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். சூப் ஆறிப்போயிருந்தது.