பதினொரு பேருக்கும் முழுப் புள்ளி

ஸுஹைராவுக்கு வெள்ளிக்கிழமைக்குள் உண்மையான பதில் வேண்டும். பொய்யான பதில் அவளிடம் ஏற்கெனவே பதினொன்று இருந்தது.

பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கும் ஆங்கில வினாக்கொத்து ஒன்றைத் தமிழாக்கி, புத்தளத்துப் பெண்களிடம் அது சரிவருமா என்று பார்ப்பதுதான் அவளுடைய முதுமாணி ஆய்வு. மொழிபெயர்ப்பில் அவள் கெட்டிக்காரி. 'நீச்சலுடையில் மற்றவர்கள் பார்த்தால் கூச்சப்படுவேன்' என்பதை அப்படியே வைத்தால், வானத்தில் பறக்கும் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஆலங்குடாக் கடலில் பலகையில் சறுக்கும் வெள்ளைக்காரிகள்தான் பதில் சொல்ல வேண்டிவரும். அதனால் 'கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கும்போது பின்வரிசையில் நிற்பேன்' என்று மாற்றினாள். பேராசிரியரே பாராட்டினார்.

கேள்வியைத் திருத்தலாம். வாயை யார் திருத்துவது? ஆலங்குடாவில் உம்மு குல்தூமின் வீட்டு முன்னறையில் கூடிய பதினொரு பெண்களும் பதினான்கு கேள்விக்கும் ஒரே பதிலைச் சொன்னார்கள். இடுப்பு? "அல்ஹம்துலில்லாஹ்." நிறம்? "அல்ஹம்துலில்லாஹ்." அல்லாஹ் தந்த உடம்பில் குறை சொல்ல அவர்களுக்கு என்ன விசரா? எல்லோருக்கும் முழுப் புள்ளி.

"உலகத்திலேயே இவ்வளவு திருப்தியான ஊர் இதுதான் போல," என்றார் பேராசிரியர் தொலைபேசியில். "வெள்ளிக்கிழமைக்குள்ள ஒழுங்கான பதில் வராட்டி, ஆய்வை வேற மாவட்டத்தில வேற ஆளிட்ட குடுத்துடுவன்."

இரண்டு வருட உழைப்பு.

வியாழன் பின்னேரம் வினாத்தாள் பைலை அணைத்துக்கொண்டு மறுபடியும் போனாள். தன்னைப் பற்றிக் கேட்டால்தானே இந்தப் பாடு, பக்கத்தில் இருப்பவளைப் பற்றிக் கேட்டால் என்ன?

"குல்தூம் ராத்தா, உங்கட மதினி றைஸா கண்ணாடியில தன்னப் பார்த்தா என்ன நினைப்பா?"

"அவளா? அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால நின்டா, அஸருக்குப் பாங்கு சொன்னாலும் அசைய மாட்டாள். வயிறு தள்ளிட்டு என்டு ஒரே அழுகை. ரெண்டு மாசமா ராச்சாப்பாடு இல்லையாம். காலையில பார்த்தா கறிச்சட்டி துடைச்ச மாதிரி இரிக்கும்."

றைஸா சும்மா இருப்பாளா? "மதினி தலைக்கு மை பூசுறது எனக்குத் தெரியாதா? போட்டோக்காரனக் கண்டா கதவுக்குப் பின்னால ஒளிப்பா. எங்கட குடும்ப அல்பத்தில ஒரு படத்திலயும் ஆள் இல்ல!"

அதன்பிறகு யாரையும் கேட்கவே தேவைப்படவில்லை. ஆளுக்கு ஆள் பக்கத்தில் இருப்பவளைப் பிய்த்து உதறினார்கள். ஸுஹைராவின் பேனை பறந்தது. அரை மணித்தியாலத்தில் இரண்டு பேர் ஒருவரோடொருவர் பேச்சை நிறுத்திவிட்டார்கள், ஒருத்தி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஸுஹைராவுக்கு உறைத்தது. அவளிடம் இருந்தது வெறும் கோள். தன் உடம்பைப் பற்றித் தானே சொன்னவள் ஒருத்திகூட இல்லை.

"இனி அவங்கவங்க தன்னப் பத்திச் சொல்லுங்க. இடுப்பு?"

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார்கள் பதினொரு பேரும், அழுதவள் உட்பட.

ஸுஹைரா கதிரையில் சரிந்தாள்.

உம்மு குல்தூம் அவளையே பார்த்தாள். "மகள், எல்லாரையும் பத்திக் கேட்டீங்க. உங்களப் பத்தி நான் சொல்லட்டா? வந்ததில இருந்து அந்த பைலை வயித்தில இருந்து எடுக்கல்ல. தொதல் தந்தா இனிப்பு வேணாம் என்டீங்க, ஆனா தட்டைப் பார்த்த பார்வை இரிக்கே!"

எல்லோரும் சிரித்தார்கள். ஸுஹைராவுக்கு முகம் எரிந்தது. கோபம் வந்தது, வெட்கமும் வந்தது. பைலை எடுத்துக் கீழே வைத்தாள்.

"ஓம். எனக்கு என்ட உடம்பு பிடிக்காது. பள்ளிக்கூடக் காலத்தில இருந்தே பிடிக்காது. ரெண்டு வருஷமா இந்தக் கேள்விகளோடயே கிடக்கிறன், ஒருநாளும் நான் பதில் எழுதிப் பார்க்கல்ல. பயம்."

றைஸாதான் முதலில் தன் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தாள்.

"புள்ள பெத்த பிறகு என்ட வயித்த எனக்கே பார்க்க ஏலா. அவர் அறைக்குள்ள வந்தா லைட்டை நூத்திடுவன். இதெல்லாம் எழுதலாமா?"

"எழுதலாம் ராத்தா."

உம்மு குல்தூம் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தி, கொண்டியையும் போட்டாள்.

"ஆம்புளையள் வர முந்தி எழுதுங்க மகள். முதல்ல என்டத எழுதுங்க. தாள் காணுமா? என்டது நீளம்."