வர்றப்போ எத்தினி மணி நேரம்

“பதினொரு மணிக்கே எடுத்துடலாம்மா. ஜோனதன் வந்து சேர மாட்டான்” என்று சித்தப்பா மறுபடியும் விரல் மடக்கினார்.

முன்னறையில் ஐஸ் பெட்டிக்குள் அப்பா இன்பசேகரன் படுத்திருந்தார். நேற்று மாலை காபி கேட்டவர், காபி வருவதற்குள் போய்விட்டார். ஹெப்சியின் ஒரே தம்பி ஜோனதன் ஆப்பிரிக்காவில், அடிஸ் அபாபாவில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் வேலை செய்கிறான். ராத்திரியே விமானம் ஏறிவிட்டான். போதகருக்கு மதியத்துக்கு மேல் வேலூரில் ஒரு கல்யாணம். ஒரு மணி வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் தம்பி வந்து அப்பா முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர ஹெப்சிக்கு வேறு நினைப்பே இல்லை.

“டிக்கெட்ல காலைல எட்டு மணிக்கு எறங்குதுன்னு போட்டிருக்கு சித்தப்பா.”

“அது அவங்க ஊர் மணிம்மா. நாம ரெண்டரை மணி முன்னால இருக்கோம். அப்போ பத்தரை. மெட்ராஸ்லர்ந்து ஆம்பூர் வர்றதுக்குள்ள மூணு ஆயிடும்.”

அந்த அழுகையிலும் ஹெப்சிக்குச் சிரிப்பு வந்தது. “மொத தடவை அவன் வந்தப்பவும் நீங்கதான் இந்தக் கணக்கு போட்டீங்க. நீங்களும் அப்பாவும் பிரியாணி சாப்ட்டு ஆற அமரப் போனீங்க. அவன் ஏர்போர்ட் வாசல்ல பெட்டி மேல உக்காந்து தூங்கிட்டிருந்தான்.”

சித்தப்பா மடக்கிய விரல்களை விரித்தார்.

அன்றைக்குப் பிடித்ததுதான் அப்பாவுக்கு விமானக் கிறுக்கு. ஷூ கம்பெனியில் காலமெல்லாம் பெட்டி கட்டியவர். அவர் கட்டிய ஷூக்கள் வெளிநாட்டுக்குப் பறந்தன, அவர் பறந்ததில்லை. டிக்கெட்டில் புறப்படும் நேரம் அந்த ஊர்க் கடிகாரம், இறங்கும் நேரம் நம்மூர்க் கடிகாரம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். தூரம் நாலாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் என்றும் கண்டுபிடித்தார். ஒன்று மட்டும் பிடிபடவில்லை. ஜோனதன் கேட்டுக்குள் கால் வைத்ததுமே, சாப்பிட்டாயா என்பதற்கும் முன்னால், “வர்றப்போ எத்தினி மணி நேரம்டா ஆச்சி? போறதவிட ஏன் கம்மி?” என்பார்.

“எனக்கு இன்னாப்பா தெரியும், நான் தூங்கிட்டேன்” என்று அவன் எரிந்து விழுவான்.

மணி இன்னும் எட்டாகவில்லை. ஹெப்சி அப்பாவின் போனை எடுத்து, விமானம் எங்கே பறக்கிறது என்று அவர் தினமும் பார்க்கும் வரைபடத்தைத் திறந்தாள். கடலைத் தாண்டி, பெங்களூரையும் தாண்டியிருந்தது அந்தச் சின்ன விமானம்.

“இப்போ நம்ம தலைக்கு மேலதான் போவான் சித்தப்பா.”

சித்தப்பா போனோடு தெருவுக்குப் போனார். வெயிலுக்குக் கை மறைத்து அண்ணாந்து நின்றார். திரும்பி வந்து போதகரைக் கூப்பிட்டார். “ஒரு மணிக்கே வெச்சிக்கலாம் பாஸ்டர். பையன் வந்துட்டான்.”

பன்னிரண்டரைக்கு மேல் ஜோனதன் கேட்டைத் திறந்தான். அங்கேயே நின்றான். யாரும் எதுவும் கேட்கவில்லை. பிறகு மெல்ல வந்து பெட்டியின் மேல் குனிந்தான்.

“ஆறரை மணி நேரம்ப்பா. போறப்போ ஏழு. இந்தத் தடவ தூங்கல. ஃப்ளைட்ல வேலை செய்ற பொண்ணுகிட்ட கேட்டேன். பின்னாலர்ந்து காத்து தள்ளுதாம். அதான் கம்மி.”

அவன் பேசப் பேசப் பெட்டியின் கண்ணாடி மூச்சுப் பட்டு மங்கியது. ஹெப்சி துப்பட்டாவால் அதைத் துடைத்துவிட்டாள்.