நிறுத்திவைத்த ஓலை

வில்பிரட் எழுந்தான். ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பால் காய்ச்சினான். குழந்தையின் புட்டியை வெந்நீரில் போட்டு எடுத்தான். சவரம் செய்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். மனைவி கிருபா லாரி விபத்தில் போன பிறகு சிட்லபாக்கத்து வீட்டில் எல்லாக் காலையும் இப்படித்தான். இன்றைக்குச் செங்கல்பட்டு கோர்ட் ஒன்றுதான் கூடுதல்.

தாம்பரம் பிளாட்பாரத்தில் மாமியார் ஹில்டாவும் கிருபாவின் தங்கை பியூலாவும் நின்றிருந்தார்கள். பியூலாவைக் கண்டதும் குழந்தை தாவிப் போயிற்று. அவளை வில்பிரட்டுக்குக் கட்டிவைப்பது என்று ஹில்டாதான் பேசி முடித்திருந்தாள். பியூலாவும் சரி என்றிருந்தாள். கோயிலில் ஆயர் சபையறியக் கல்யாண ஓலையை வாசிக்க வேண்டியதுதான் பாக்கி. கேஸ் முடியட்டும் என்று வக்கீல் சுந்தரராமன் அதை நிறுத்திவைத்திருந்தார்.

கோர்ட் வாசலிலும் அதைத்தான் சொன்னார். "லாரி டிரைவர் பேர்லதான் தப்புன்னு ரிக்கார்டு ஆயாச்சு சார். இனிமே நஷ்ட ஈடு எவ்வளவுங்கறதுதான். மறுபடி கல்யாணம்னு தெரிஞ்சா, பொண்டாட்டி போன நஷ்டம் தீர்ந்துபோச்சும்பான் இன்ஷூரன்ஸ்காரன். கேட்டா, அப்படி எண்ணமில்லேன்னுடுங்கோ."

"தீர்ப்பு வரட்டும் மாப்பிள்ளை. ஓலை எங்க ஓடிடப்போவுது?" என்றாள் ஹில்டா.

வில்பிரட் கூண்டில் ஏறி, ஆண்டவர் அறிய உண்மை சொல்வதாகச் சொன்னான். கம்பெனி வக்கீல் எழுந்தார்.

"மறுபடி கல்யாணம் பண்ணிக்குவீங்களா?"

"இல்லை."

"வயசு இருபத்தெட்டு. பி.ஏ. படிப்பு. சாமியாராப் போறதா உத்தேசமா?"

கோர்ட்டே சிரித்தது.

"குழந்தைய மடியில வச்சிருக்காங்களே, அவங்க யாரு?"

"மனைவியோட தங்கச்சி."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லை."

"அப்போ?"

இன்னொரு தடவை இல்லை என்றிருந்தால் போதும். ஆனால் அந்தச் சிரிப்பு மறுபடி கிளம்பிவிடும்போல் இருந்தது.

"ஆஸ்பத்திரியில என் மனைவி சத்தியம் வாங்கினா. வேற யாரையும் கட்டக் கூடாதுன்னா. கடைசியா அவ பேசினது அதுதான்."

நீதிபதி குனிந்து எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் சுந்தரராமன் அவன் தோளைத் தட்டினார். "பிரமாதம் சார். நானே எதிர்பார்க்கலே."

வில்பிரட்டுக்குக் காதுமடல் எரிந்தது. பியூலா வந்து குழந்தையை அவன் கையில் கொடுத்தாள். அது வீறிட்டு அவளிடமே தாவியது. அவள் வாங்கவில்லை.

"அன்னைக்கு நானும் அங்கதான் இருந்தேன் அத்தான்," என்றாள். "என்னை வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். அதுக்கு அக்கா வாய்தான் கிடைச்சுதா உங்களுக்கு?"

"ஏய், கேசுக்காகச் சொன்னதுடீ," என்றாள் ஹில்டா.

"ஆயர்கிட்ட நீயே சொல்லிடும்மா. ஓலை இனிமே வேண்டாம்."

அவள் ஸ்டேஷனைப் பார்த்து நடந்தாள். அழுகிற குழந்தையோடு வில்பிரட் அங்கேயே நின்றான். கிருபா கடைசியாகப் பேசியது எதுவென்று அவளுக்குத் தெரியும். அன்று ஆஸ்பத்திரியில் அவன் தண்ணீர் புகட்டப் போய்க் கழுத்தெல்லாம் கொட்டிவிட்டான். கிருபா எரிச்சலோடு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. தள்ளுங்க, பியூலா வரட்டும்."