திரைக்குப் பின்னால் ஒரு வயிறு

1

இந்தக் கதை ஒரு திரைக்கயிற்றில் பிறந்தது. எங்கள் காட்டாங்குளத்தூர்க் கல்லூரியில் உலக வறுமை ஒழிப்பு விழா. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தொண்டு எனக்கு. வருகைப்பதிவு தருவதாகச் சொன்னார்கள். மற்றபடி வறுமையோடு எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘உலகில் எத்தனையோ கோடி மக்கள் இன்றிரவு—’

(அடித்துவிட்டேன். கோடிகளோடு எனக்குப் பழக்கமில்லை. ஓர் ஆளோடு தொடங்குகிறேன்.)

2

அந்த ஆள் தயாளன். பெருங்களத்தூர்க்காரர், டப்பிங் கலைஞர். தமிழ் தெரியாத ஒரு பெரிய நடிகருக்குப் பதினான்கு வருடமாகத் தமிழில் பேசிவருபவர். (நடிகரின் பெயரைக் கேட்காதீர்கள். எனக்கு வக்கீல் இல்லை.) வறுமைக்கு எதிராகக் குரல் கொடுப்பது என்று நடிகர் முடிவெடுத்தார். ஆகவே மேடையில் அவர் வாயசைக்க, திரைக்குப் பின்னால் தயாளன் மைக்கைப் பிடித்தார்.

சாப்பிட்டுவிட்டுப் பேசினால் ஏப்பம் மைக்கில் ஏறும். அதனால் பேசி முடிக்கும்வரை தயாளன் சோற்றில் கை வைப்பதில்லை. தொழில் சுத்தம். விழா பத்து மணிக்கு, நடிகரோ ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் நீந்தி மூன்று மணிக்கு வந்து சேர்ந்தார்.

“ஏழையின் பசியை நான் உணர்கிறேன்” என்று வாயசைத்து, நடிகர் நெஞ்சில் கை வைத்தார். அந்த மௌனத்தில் தயாளனின் வயிறு மைக்கில் பேசியது.

கொர்ர்ர்ர்.

அது நடிகரின் வயிறு என்றே அரங்கம் நினைத்தது. எழுந்து நின்று கைதட்டியது. கல்லூரி முதல்வர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மறுநாள் பாதித் தாம்பரத்தின் கைப்பேசிகளில் அந்த ‘கொர்ர்ர்’தான் ரிங்டோன்.

3

(இங்கே தயாளன்மேல் எனக்குச் சந்தேகம். இவ்வளவு நல்லவராக ஒருவர் இருப்பாரா? குடி, சூதாட்டம் என்று ஏதாவது ஒட்டவைத்துப் பார்த்தேன். வயிற்றுப் புண் மட்டும்தான் ஒட்டியது.)

வேளை தவறாமல் சாப்பிடாவிட்டால் புண் ஓட்டையாகிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அந்த வாரம் பார்த்துத்தான் நடிகரின் மேனேஜர் ஸ்ரீவத்சன் போன் செய்தார்.

“தயாளன் சார், ஞாயித்துக்கிழமை மறைமலை நகர்ல ஷோ. சனிக்கிழமை மத்தியானத்துலேர்ந்து ஒண்ணும் சாப்பிட வேணாம். அந்த சவுண்ட் செம ஹிட்.”

“அல்சர் கீது சார். ரெகார்ட் பண்ணி வெச்சி ஓட்டிக்கலாமே?”

“சே சே! ஏமாத்து வேலையெல்லாம் நமக்கு வேணாம். ஜனங்க உண்மையான பசியைக் கேக்க வராங்க. முடியலன்னா சொல்லுங்க, வேற நாலு வயிறு லிஸ்ட்ல இருக்கு.”

ஞாயிறு காலை, மனைவி புஷ்பம் தயிர்ச்சோற்று டப்பாவைத் தயாளனின் பையில் திணித்தாள்.

“ஊரு பசி போவ மீட்டிங்கு, அதுக்கு நீ பட்டினியா? ஏன், அந்தாளுக்கு வயிறு இல்லியா?”

“கீது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா துன்றாரு. எங்கருந்து சத்தம் வரும்?”

4

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) தயாளன் திரையை விலக்கி மேடையேறி, உண்மையைச் சொல்கிறார். (‘எவன்டா இவன், எங்காளு மாதிரியே மிமிக்ரி பண்றான்?’ என்று கூட்டம் அவரைத் தூக்கி வெளியே போடுகிறது.)

ஆ) உலகில் வறுமை ஒழிகிறது. (நம்பும்படி எழுத வரவில்லை.)

இ) மறைமலை நகர். மறுபடி என் கையில் கயிறு. தயாளனின் மடியில் டப்பா. முகம் வெளுத்து, ஒரு கை வயிற்றை அழுத்திக்கொண்டிருக்கிறது. மேடையில் நடிகர் நெஞ்சில் கை வைக்கிறார். தயாளன் மைக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்க்கிறார்.

“தம்பி, நீதானே எழுதிகினு கீற? தயாளன் துன்னான்னு ஒரு வரி போடேன்.”

“சாப்ட்டீங்கன்னா கதை முடிஞ்சிடும்ணா.”

“அப்ப உனக்கும் என் பசிதான் வோணும். அந்தாளாவது கார் அனுப்சாரு.”

கயிற்றை இடது கைக்கு மாற்றினேன். வலது கையால் எழுதினேன்: ‘தயாளன் டப்பாவைத் திறந்து, ஒரு கவளம் உருட்டி, வாயருகே கொண்டுபோய்—’

அங்கேயே நிறுத்தியிருக்கிறேன். மிச்சம் உங்களுடையது. நீங்கள் முடிக்கும்வரை அந்தக் கவளம் அந்தரத்திலேயே நிற்கும். நடிகரின் கையும் நெஞ்சை விட்டு இறங்காது. அரங்கம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறது.

சீக்கிரம். தயிர் புளிக்கிறது.