கிழக்குப் பார்த்த மணவறை

காலை ஏழு இருபதுக்கு மணவறை வந்து இறங்கியது. முகூர்த்தம் ஒன்பது பத்துக்கு.

பின்வாசல் சாய்தளத்தில் சில்லு வைத்து உருட்டி, கழற்றாமலே உள்ளே கொண்டு வந்துவிட்டார்கள். இப்படி அகலமான கதவு ஸ்காபரோவில் வேறெங்கும் இல்லையென்றார் மணவறைக்காரர் செல்வரட்ணம். பெண்ணின் தகப்பன் அருள்நாயகத்துக்கு உச்சி குளிர்ந்தது. அவர் அலைந்து பிடித்த மண்டபம். இங்கிலாந்துப் பிரபுக்களின் மாளிகையைப் பார்த்துக் கட்டிய கல்வீடு. மேற்குச் சுவரில் கல்வளைவு. அதன் கீழ் வைத்தால் மணமக்கள் கிழக்குப் பார்ப்பார்கள் என்று இடம் குறித்தவரும் அவரே.

வீட்டுப் பொறுப்பாளர் கிளடிஸ், வெள்ளைக்காரக் கிழவி. கார் நிறுத்த இடம் உண்டா, குசினியில் இறைச்சி சமைப்பதா, ஓமம் வளர்த்தால் புகைமணி அடிக்குமா என்றெல்லாம் அவளிடம் கேட்டிருந்தார். அந்த வீட்டில் முன்பு என்ன நடந்தது என்று மட்டும் கேட்கவில்லை.

இன்று அவளாகவே சொன்னாள். விருந்தாளிகள் பார்க்கட்டுமென்று நடைச்சுவரில் பழைய படங்களை மாட்டியிருந்தாள். முதலில் வீட்டைக் கட்டிய மாவு ஆலை முதலாளியின் குடும்பம். அடுத்தது யுத்தகாலம், கட்டிலில் காயப்பட்ட சிப்பாய்கள். மூன்றாவதில் அதே கல்வளைவு. அதன் கீழ் மூடி திறந்த சவப்பெட்டி, சுற்றிவர வெள்ளைப் பூ.

முப்பது வருடம் இது மரணச்சடங்கு மண்டபமாக இருந்ததாம். சாய்தளமும் அகலக் கதவும் அப்போது போட்டவை. பெருமையாகச் சொல்லிவிட்டு அவள் குசினிப் பக்கம் போனாள்.

மாப்பிள்ளையின் தாய் இராசமணி, ராகுகாலத்தில் போன் எடுத்தார்கள் என்பதற்காகவே ஒரு சம்பந்தத்தை விட்டவர். இது தெரிந்தால் மகனைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுவார். மாடியில் மகள் கஜனிக்குக் கூறைச்சேலை உடுத்திக்கொண்டிருந்தார்கள்.

அருள்நாயகம் கூடத்துக்கு ஓடினார்.

"செல்வரட்ணம், உந்த மணவறையை அங்கால தள்ளி வைக்கேலாதோ?"

"அங்கால வைச்சா தெற்கைப் பாக்கும், அண்ணை. தெற்கைப் பாத்தோ தாலி கட்டுறது?"

வாசலில் கார்க்கதவுகள் அடித்துச் சாத்தும் சத்தம். மாப்பிள்ளை வீட்டார்.

நடைக்குத் திரும்பி மூன்றாவது படத்தைக் கழற்றினார். வைக்க இடமில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

இராசமணி பூத்தட்டோடு வந்தார். சுவரில் வெறும் ஆணியைப் பார்த்தார். பிறகு அருள்நாயகத்தைப் பார்த்தார்.

"என்ன சம்பந்தி, ஆரின்ர படம் அது? எனக்கும் ஒருக்காக் காட்டுங்களன்."