கைப்பைக்குள் போன செபம்

என் மகள் ஜெனிற்றா மிஷனரியாகப் போகப் போகிறேன் என்று சொன்ன அன்று, சோற்றுப் பானையை அடுப்பில் வைத்தபடியே கத்தினேன். "படிச்சு முடிச்சு நல்ல வேலையிலை இருக்கிற பிள்ளை, பொலிவியாவுக்குப் போய் என்ன வெட்டிப் புடுங்கப் போறாய்?" என் கணவர் வலன்ரைன் மேசையடியில் குந்தியிருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அந்த மனுசன் எப்போதும் அப்படித்தான், மகள் எதைக் கேட்டாலும் அவருக்குச் சரி.

போவதற்கு முன் ஒரு வருடம் அவள் அந்த நாட்டுப் பாஷையான ஸ்பானிஷ் படித்தாள். சும்மா படிப்பா அது, வீடே பட்ட பாடு! அரிசி வாளியில் சொல் எழுதி ஒட்டிய ஒரு துண்டுக் கடதாசி, உப்புப் போத்தலில் ஒன்று, கக்கூஸ் கதவிலும் ஒன்று. விடிய எழும்பிப் பல் தீட்டும்போதே தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொள்வாள். லா சப்பலில் எங்கள் கட்டடத்துப் படி கூட்ட ஒரு கொலம்பியாக்காரி வருவாள். ஸ்பானிஷ் பேசிப் பழகவென்று அவளின் வாளியைத் தூக்கிக்கொண்டு ஐந்து மாடியும் ஏறுவாள் இவள். வீட்டில் ஒரு கோப்பை கழுவித் தராதவள், அங்கே படி துடைத்தாள்.

என் எரிச்சல் வேறு. இருபத்தாறு வருடமாக என்னோடு பிரெஞ்சில் பதில் சொன்ன பிள்ளை. நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் சொல்வாள், எனக்குப் பாதி விளங்கும், மீதியை விட்டுவிடுவேன். "பெத்த தாய்க்காகப் படிக்காத பிள்ளைக்கு, முகம் தெரியாத சனத்துக்காக ஒரு வருஷத்திலை ஒரு பாஷை வருதோ?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன். அவள் அழுதாள். நானும் அழுதேன், ஆனால் குசினிக்குள், அடுப்படிக்குப் போய்.

வலன்ரைனுக்கோ கொண்டாட்டம். ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவிவிட்டு வந்து, அவளின் பாடக் கொப்பியைப் பிடித்துக்கொண்டு அவளிடம் சொல் கேட்பார். பிழைவிட்டால் காதைத் திருகுவார். சரியாகச் சொன்னால் "மூய் பியென்" என்று அவரும் ஸ்பானிஷில் மெச்சுவார். அவள் பயணம் போன அன்று விமான நிலையத்தில் அவளைக் கட்டிப்பிடித்து அந்தப் பாஷையிலேயே ஏதோ சொன்னார். என்னவென்று கேட்டேன். சொல்லவில்லை.

அவள் போன ஐந்தாம் மாதம் அவருக்கு ஈரலில் புற்றுநோய் என்றார்கள். அவள் அப்போதும் அங்கே மொழி படிக்கும் மடத்தில்தான் இருந்தாள். விடிய ஐந்து மணிக்குப் பூசை, பிறகு நாலு மணித்தியாலம் வகுப்பு, பின்னேரம் சந்தையில் சனத்தோடு கதைத்துப் பழக வேண்டும். சாப்பாட்டு மேசையிலும் ஸ்பானிஷ் தவிர வேறு பாஷை வாயில் வரக்கூடாதாம். விஷயம் கேட்டதும் உடனே வருகிறேன் என்றாள். டொக்டர் மூன்று மாதம் சொன்னதால், பரீட்சையை முடித்துவிட்டு வா என்று தகப்பன்தான் மறித்தார். அந்த மூன்று மாதம் மூன்று கிழமையாகச் சுருங்கிவிட்டது.

எங்கள் மன்னார்ச் சனத்துக்குள் சாகக் கிடப்பவரின் காதில் "இயேசுவே, மரியே, சூசையே" என்று பிள்ளை சொல்ல வேண்டும். மூச்சு அடங்கும்வரை சொல்ல வேண்டும். எங்களுக்கு இருப்பது ஒரே பிள்ளை. செபம் முழுவதையும் தமிழில் சொல்லி, போனில் பதிந்து அவளுக்கு அனுப்பினேன். "பாடமாக்கு," என்றேன். "ஓம் அம்மா," என்றாள்.

கடைசி நாள், ஆஸ்பத்திரியில் பின்னேரம் மூன்று மணி. தாதி ஷார்லோத் என் தோளைத் தொட்டு, இனி அதிக நேரமில்லை என்றாள். அவருடைய தங்கை அருள்மலர் கட்டிலுக்கு மறுபக்கம் நின்றாள். மகளுக்குப் போன் எடுத்தேன். வகுப்பிலிருந்து ஓடி வந்திருக்க வேண்டும், அவளுக்கு மூச்சு வாங்கியது. போனை அவர் காதோடு வைத்தேன். தொடங்கினாள். ஸ்பானிஷில்!

அருள்மலருக்கும் கேட்டுவிட்டது. "என்ன மச்சாள் இது? ஒரு இயேசு மரி சூசையெண்டாலும் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கேல்லையோ?"

எனக்கு உச்சிக்கு ஏறிவிட்டது. வெட்கமா, கோபமா, பொறாமையா, எனக்கே தெரியவில்லை. போனைப் பறித்தேன். அழைப்பை நிறுத்தக்கூட இல்லை, அப்படியே கைப்பைக்குள் போட்டு மூடினேன். குனிந்து நானே அவர் காதில் சத்தமாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அவருடைய கண் கைப்பையிலேயே நின்றது. கையைக்கூட அந்தப் பக்கம் நகர்த்தினார். நான் அந்தக் கையைப் பிடித்துச் சிலுவையை வைத்துப் பொத்தினேன். அப்படியே போய்விட்டார்.

எல்லாரும் அழுது ஓய்ந்த பிறகுதான் போனை எடுத்தேன். நாற்பத்திரண்டு நிமிடம் என்று காட்டியது. அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் கம்மிப் போயிருந்தது. இயேசுவே, மரியே, சூசையே. நான் அனுப்பியபடியே, தமிழில், ஒரு சொல் பிசகாமல். ஐயோ, என் கை அழுகிப் போகாதா!

"அப்பா எங்களை விட்டுட்டுப் போட்டார், பிள்ளை," என்று மட்டும் சொன்னேன்.

நாலாம் நாள் வந்து சேர்ந்தாள். அடக்கம் முடியும்வரை யாரோடும் அதிகம் பேசவில்லை. எட்டாம் நாள் காலை நான் தேத்தண்ணி ஊற்றும்போது பக்கத்தில் வந்து நின்றாள். தமிழில்தான் பேசினாள், ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி.

"அம்மா, அண்டைக்கு முதலிலை எனக்குத் தமிழ் வரேல்லை. ஸ்பானிஷ் செபம்தான் வந்தது. அது அப்பா என்னோடை இருந்து பாடமாக்கினது. பிறகு நீங்க சொல்லித் தந்ததைச் சொன்னனான். எல்லாம் அப்பாவுக்குக் கேட்டதோ?"

நான் கேத்திலைத் திரும்ப அடுப்பில் வைத்தேன்.

"கேக்கேல்லையெண்டா நான் திரும்பிப் போகேல்லை. என்ர அப்பாவுக்கே சொல்ல ஏலாத நான், ஆருக்குப் போய்ச் சொல்லுறது? இஞ்சை உங்களோடையே இருக்கிறன்."

ஆண்டவரே, எத்தனை நாள் முழங்காலில் நின்று மன்றாடிய வார்த்தை அது! பொய்யே தேவையில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும், பிள்ளை எனக்கு. வாய்வரைக்கும் வந்தது. ஆனால் ஒரு வருடம் அந்த மனுசன் கொப்பி பிடித்து ஆசையாய்ப் படிப்பித்த பிள்ளை. ஒருதரம் அவள் செபத்தைப் பைக்குள் மூடியது போதாதா?

"கேட்டவர்," என்றேன். "கடைசி மூச்சு வரைக்கும் எல்லாம் கேட்டவர். சிரிச்சுக்கொண்டு கேட்டவர்."

அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். சந்தோஷ அழுகை. அன்றைக்கே வெள்ளிக்கிழமைக்கு ரிக்கெற் போட்டாள். நான் அவளின் உடுப்புகளை ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தேன்.